பிரிஜட்டின் பாலி மாடுகள்

1957-இல் ஒரு கப்பலில் மாடுகள் வந்து இறங்கின. எல்லாம் விற்றுப் போயின, ஒன்பதைத் தவிர. விற்றுப்போனவை தாய்லாந்து மாடுகள். திமிலும் உடம்புமாகப் பெரியவை. மிஞ்சிய ஒன்பதும் பாலித் தீவு மாடுகள். செம்மண் நிறம், முழங்காலுக்குக் கீழே வெள்ளை, பின்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. ஆள் கிட்டே போனாலே துள்ளின. தேக்கா சந்தையின் கறிக்கடைக்காரர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு, "மானா மாடா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

மாட்டு லாரி ஓட்டிய இயேசுதாசன் இதை வீட்டில் சொன்னபோது, அவர் மனைவி பிரிஜட் ஒன்றுதான் கேட்டாள்.

"அதுல பசு எத்தனை?"

"ஏழு. ஏன்?"

அவர்கள் மார்சிலிங்கில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி, கைவிடப்பட்ட அன்னாசிக் காட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முழுக்க லாலாங் புல். பிரிஜட்டின் கறவை மாடுகள் அந்தப் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்; பால் விற்ற காசெல்லாம் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் போகும். பாலி மாடு முரட்டுப் புல்லையும் தின்னும் என்று கேள்விப்பட்டிருந்த அவள் அந்த வாரமே கறவை மாடுகளை விற்று, பாலி மாடுகளை வாங்கினாள். அவை லாலாங்கைத் தின்று கொழுகொழுவென்று ஆயின. வருஷம் தவறாமல் கன்று போட்டன. இளங்காளைகள் வளர வளரச் செம்மை மாறிக் கறுத்தபோது, நோய் கண்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். இந்த இனத்துக் காளை அப்படித்தான் கறுக்கும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிற்று.

முதல் மூன்று காளைகளைத் தரகர் அருளானந்தத்திடம் கொண்டுபோனாள். அவர்கள் போகும் மாதா கோயிலில் அவர் பெரிய மனிதர். தேக்காவுக்கு வரும் மாடுகளில் பாதி அவர் கை வழியாகத்தான் வரும். இயேசுதாசன் ஓட்டியதும் அவர் லாரியைத்தான். அருளானந்தம் காளைகளைச் சுற்றிக்கூட வரவில்லை.

"அரை விலை. சின்ன மாடு, சின்ன விலை. இதுல என்ன பேச்சு, தங்கச்சி?"

"உரிச்சப்புறம் எலும்பு எவ்வளவு, கறி எவ்வளவுன்னு பாத்தீங்களா அண்ணே?"

"நான் பாக்க வேண்டியதில்ல. நான் சொல்றதுதான் விலை."

"அப்போ நீங்க விலையை வச்சுக்குங்க. மாட்டை நான் வச்சுக்கிறேன்."

இயேசுதாசன் தாழ்ந்த குரலில், "குடுத்துட்டுப் போயிடலாம்லா. நாளைக்கு நான் அவர் மூஞ்சியில முழிக்கணும்" என்றார்.

"முழிங்க. நாம என்ன திருடினோமா? ஏத்துங்க."

அங்கிருந்து நேரே தேக்காவில் அப்துல் மஜீதின் கறிக்கடைக்குப் போனாள். ஒரு காளையை அறுத்து, கறியின் எடைக்குப் பணம் கொடுத்தால் போதும் என்றாள். மஜீது சம்மதித்தார். எலும்பு மெலிசு, கொழுப்பு இல்லவே இல்லை, அந்த உடம்புக்கு அவ்வளவு கறியை அவர் எதிர்பார்க்கவில்லை. பேசியபடி கொடுத்தார்.

ஆனால் வெள்ளைக்கார வீட்டுச் சமையல்காரர்கள் கறியோடு திரும்பி வந்தார்கள். அடுப்பில் சுட்டால் கட்டையாகிறதாம். அதற்குள் அருளானந்தமும் ஆள் அனுப்பிவிட்டார்: பிரிஜட்டின் கறி தொங்கும் கடைக்கு இனி அவர் மாடு வராது.

"பத்துப் பேருக்குச் சோறு போடணும். தப்பா நெனக்காதீங்க தங்கச்சி" என்றார் மஜீது.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல பாய். குறை சொல்லாம வாங்கினது யாரு, அதை மட்டும் சொல்லுங்க."

"அஸ்மத். இன்னும் இருக்கான்னு கேட்டான்."

அஸ்மத் ஜாலான் புசாரில் ரெண்டாங், அதாவது தேங்காய்ப்பாலில் வற்ற வேகவைத்த மலாய்க் கறி, சமைத்து விற்பவர். அவள் போய் மலாயில் விசாரித்தாள். கொழுப்புக் கறி வெந்தால் தேங்காய்ப்பாலுக்கு மேலே எண்ணெய் மிதக்கும், இந்தக் கறி பாலை உள்ளே இழுத்துக்கொண்டு உடையாமல் நிற்கும் என்றார் அவர். மலாய்க் கிராமமான கம்பத்துக் கல்யாணங்களுக்குச் சமைப்பவர்கள் இப்படிக் கறி கேட்டு அலைகிறார்கள் என்றும் சொன்னார்.

தட்டக் கூடாத கதவையே தட்டிக்கொண்டிருந்தோம் என்று பிரிஜட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாண வீடுகளுக்கு முழு மாடாகவே விற்றாள். தரகரும் இல்லை, கடையும் இல்லை. அறுப்பதற்கு அவர்களுடைய ஆளே வருவார். முதலில் பேரம் பேசியவர்களிடம், "தாய்லாந்து கறிக்கு என்ன விலையோ அதேதான். வேண்டாம்னா பரவாயில்ல" என்றாள். வாங்கினார்கள். சாப்பிட்டவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சொல்லிவைத்தார்கள். கன்று வளர்வதற்குள்ளேயே ஆள் வந்து பேசிவிட்டுப் போகிற காலமும் வந்தது. தீனிச் செலவு இல்லாததால் பணம் கையில் நின்றது. இயேசுதாசன் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கி, அருளானந்தத்தின் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

1963-இல் இந்தோனேசியாவோடு தகராறு முற்றி, அங்கிருந்து மாட்டுக் கப்பல் நின்றது; தேக்காவில் மாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு காலையில் அருளானந்தமே காரில் மார்சிலிங் வந்தார். வேலியோரம் நின்று மந்தையைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிறேன். நீ கேக்கிற விலை."

"பசுவைத் தர மாட்டேன் அண்ணே. காளை தர்றேன், கல்யாண வீட்டுக்குக் குடுக்கிற அதே விலைக்கு. மஜீது பாய் கடையில என் கறி தொங்கணும். பாலி மாடுன்னு பலகையும் வைக்கணும்."

"சண்டை நடக்கிற நேரத்துல பாலின்னு எழுதச் சொல்றியா?"

"என் மாடு மார்சிலிங்ல பொறந்தது. அது சண்டைக்குப் போகல. அதோட பேரை நான் மாத்த மாட்டேன்."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் திரும்பி வந்து, அவள் சொன்னபடியே வாங்கினார். மஜீது பலகையைத் தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்தார்.

1968-இல் நிலம் அரசாங்கத்துக்கு வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. மந்தையை அறுப்புக்குக் கொடுத்துவிட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள் எல்லோரும். வீட்டை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாட்டுக்கு மட்டும் பாலத்துக்கு அப்பால், ஜொகூரில், கூலாய்ப் பக்கம் ஒரு மேட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள்.

பாலத்துச் சோதனைச்சாவடியில் அதிகாரி லாரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜொகூர்லேருந்துதான் இங்க மாடு வரும். இங்கேருந்து அங்க மாடு போனதா நான் கேள்விப்பட்டதே இல்லம்மா."

"இப்போ போகுது" என்றாள் பிரிஜட்.

மத்தியானம் வரை அவரை விடாமல் நின்றாள். பிறகு தடை மரம் உயர்ந்தது. இயேசுதாசன் வண்டியை நகர்த்தினார். பின்னால் நின்ற கறுத்த காளை வழி முழுக்க லாரிப் பலகையை உதைத்துக்கொண்டே வந்தது.