மகனை ஒப்படைத்த அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இச்சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் சபையாருக்கும் அவருடைய மகளாகிய நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிறேன். "விசுவாசத்தில் அசையாமல் நின்ற உபதேசியார் என்று எழுதம்மா" எனப் போதகர் அன்போடு கேட்டுக்கொண்டார். பலமுறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். அப்பா அசைந்தார். அதை மறைத்தால் இது வேறு யாரையோ பற்றிய கட்டுரையாகிவிடும்.

அப்பா பிறந்தது பெருங்கடவிளைக்குப் பக்கத்தில், மரச்சீனிக் கிழங்கு விளையும் ஒரு சரிவில். பனையேறியான அவருடைய தகப்பனார் மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது அப்பாவுக்கு ஏழு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மதியக் கஞ்சியை நம்பியே படித்தார். தமிழும் மலையாளமும் அவருக்கு ஒன்றுபோல் ஓடும். உதியன்குளங்கரைக்கு உள்ளே இருக்கிற எங்கள் சிற்றாலயத்துக்கு உபதேசியாராக வந்தபோது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

பகலெல்லாம் வீடு வீடாகப் போவார். வைசூரி கண்ட வீட்டுக்குள் சொந்தக்காரர்களே நுழையத் தயங்கிய நாளில், இவர் உள்ளே போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எழுதத் தெரியாத சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். தமிழில் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மலையாளத்தில் எழுதி, எழுதியதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டுவார். கிறிஸ்தவர் என்றும் இந்து என்றும் பார்த்ததில்லை.

அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் எனக்கு ஓர் அக்கா பிறந்திருந்தாள். மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். அவளைப் புதைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஆலயத்தில் நின்று, எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் ஆண்டவர் கையில் ஒப்படைப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தாராம். அழாதவர்கள் இல்லை என்று அம்மா சொல்வார். ஒப்படைப்பு என்ற சொல்லை அதன்பின் எங்கள் சபையார் அப்பாவோடு சேர்த்தே நினைத்தார்கள்.

எல்லைப் போராட்டம் எங்கள் ஊர்களுக்குள் வந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. தமிழ்த் தாலுகாக்களோடு எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் சேர்ந்து, மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும் என்று கூட்டங்கள் நடந்தன. அண்ணன் சைக்கிளில் பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நோட்டீஸ் கொண்டுபோவான். அப்பா தடுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. "சபைக்குள்ள ரெண்டு கட்சிக்காரனும் உண்டு. நான் நடுவுல நிக்கவன் ஆக்கும்" என்பார்.

பிறகு விளவங்கோட்டுப் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்த செய்தி வந்தது. கூட்டத்துக்குப் போன இளைஞர்களைப் போலீஸ் தேடுகிறது என்றார்கள். ஒருநாள் மத்தியானம், பக்கத்துத் தோட்டத்தில் குடியிருந்த வேலாயுதன் மாமா வேகமாக வந்தார். அவருக்குச் சொந்தமாக மாட்டு வண்டி உண்டு. வீட்டில் மலையாளம் பேசுகிறவர். இந்தப் போராட்டத்தில் அவருக்கு விருப்பமே கிடையாது.

"உபதேசியாரே, லிஸ்டுல ஒம்ம மகனுக்க பேரு உண்டு. செறுக்கன எங்கூட விடும். வண்டியில வைக்கோலுக்கு அடியில கிடக்கட்டும். நாளக்கழிச்சு ஆரல்வாய்மொழி எல்லைய தாண்டீட்டா பின்ன ஒருத்தனும் தொடமாட்டான்."

அம்மா உடனே உள்ளே போய் அண்ணனின் வேட்டியையும் சட்டையையும் ஒரு துண்டில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். அப்பா அந்த மூட்டையை வாங்கி நாற்காலியில் வைத்தார்.

"ஓடினா நாம தப்பு செஞ்சவங்கன்னு ஆவும். இவன் ஒரு கல்லுகூட எடுத்து எறியல்ல. நான் இவனக் கர்த்தருக்க கையில ஒப்படைச்சாச்சு."

"ஒப்படைச்சது சரி. வண்டியும் அவரு தந்ததுன்னு நெனைக்கப்பிடாதா ஓய்?" என்றார் வேலாயுதன் மாமா.

அப்பா எங்களை எல்லாம் முழங்காலில் நிற்கவைத்து ஜெபித்தார். வேலாயுதன் மாமாவும் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். ஜெபம் முடிந்ததும் அண்ணன் அம்மாவைப் பார்த்தான். பிறகு, "அப்பா சொன்னா நிக்கேன்" என்றான். அவன் குரலில் பயம் இருந்தது. நான் கேட்டேன். அப்பாவும் கேட்டிருப்பார்.

மறுநாள் காலையில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். அண்ணன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற அப்பாவிடம் ஒருவர் கேட்டார்: "மகன் உண்டோ?"

அப்பா பொய் சொல்லிப் பழகாதவர். "உண்டு" என்றார்.

ஈரத் துண்டோடு அவனைக் கொண்டுபோனார்கள். அம்மா சட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். ஜீப் கிளம்பிவிட்டது.

அதன்பின் அப்பா தினமும் விடிந்ததும் நெய்யாற்றின்கரைக்கு நடந்தார். ஊருக்கெல்லாம் மனு எழுதியவர் தன் மகனுக்காக எழுதிக்கொண்டு வராந்தா வராந்தாவாக நின்றார். தெரிந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் மனுவை வாங்கி வாசித்துவிட்டு, "நல்ல மலையாளம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். அன்று வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவில்லை.

சில வாரங்கள் கழித்து அண்ணனை விட்டார்கள். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. இருமும்போது நெஞ்சைக் கையால் அமுக்கிக்கொள்வான். பிறகு ரத்தம் வரத் தொடங்கியது. நெஞ்சுக்கு எண்ணெய் போட்டோம், ஆஸ்பத்திரியில் காட்டினோம், சபையார் உபவாசம் இருந்தார்கள். மூன்று மாதம் கிடந்தான்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா வழக்கம்போல் பாய்க்கருகே முழங்காலில் நின்றார். அண்ணன் மெல்லக் கண்ணைத் திறந்தான்.

"அப்பா ஜெபிக்காண்டாம். அம்ம ஜெபிச்சா போரும்."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்பதுபோல்தான் சொன்னான். அப்பா எழுந்து வெளியே போய்க் கிணற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலாம் நாள் அண்ணன் இறந்தான். மழையில் கல்லறைக் குழிக்குள் தண்ணீர் நின்றது. இறைத்து இறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அப்படியே இறக்கினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. முன்பு குழந்தையை இழந்தபோது பேசியதுபோல் அப்பா இப்போதும் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்பா வேதப் புத்தகத்தைத் திறந்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடினார்.

"எனக்கு இண்ணைக்குச் சொல்லதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு பாட்டுப் பாடீட்டு வீட்டுக்குப் போங்க."

அந்த மாதமே உபதேசியார் வேலையை விட்டார். போதகர் மூன்று முறை வந்து பேசிப் பார்த்தார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரச்சீனி விளைக்குப் போய்விட்டார். ஞாயிறன்று ஆலயத்துக்கு வருவார், கடைசியில் உட்காருவார், ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடும்போது அவர் மட்டும் திறந்த கண்ணோடு இருப்பார். நானும் திறந்து பார்த்ததால்தான் எனக்குத் தெரியும்.

ஒருமுறை கேட்டுவிட்டேன். "அப்பா, ஆண்டவர விட்டுட்டீங்களா?"

விளையில் களை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"விடல்ல மக்கா. அவர விட்டா எனக்குப் போக்கிடம் எங்க உண்டு? ஆனா அவருக்க முன்ன நிக்க வெக்கமா இருக்கு." கையிலிருந்த களையை உதறிப் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார். "அண்ணைக்கு நான் ஒப்படைச்சது எனக்க உயிர இல்ல, அவனுக்க உயிர. எனக்க உயிருன்னா நான் ஒப்படைக்கலாம். அவனுக்க உயிர ஒப்படைக்க எனக்கு ஆரு அதிகாரம் தந்தது? பயந்த பிள்ளைய நிறுத்தி வச்சேன். அதுக்கு விசுவாசம்னு பேரும் வச்சேன்."

நானும் குனிந்து அவரோடு களை பறித்தேன்.

பிறகு எல்லை வரைந்தார்கள். தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். சத்தம் எங்களுக்குக் கேட்டது. நெய்யாற்றின்கரை சேரவில்லை. பாறசாலையும் நாங்களும் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். அண்ணனோடு நோட்டீஸ் கொண்டுபோன ஒரு தோழன் வந்து முற்றத்தில் உட்கார்ந்து அழுதான். அப்பா அவனுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். "நீயாவது இருக்கியே மக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவன் போனபின் கல்லறைக்குப் போய் இருட்டும்வரை திரும்பவில்லை.

அடுத்த ஆண்டே வயிறு வீங்கத் தொடங்கியது. மருந்து பலிக்கவில்லை, அவரும் பிழைக்க ஆசைப்பட்டவராகத் தெரியவில்லை. கடைசி வாரம் போதகர் வந்து, "உபதேசியாரே, எல்லாத்தையும் கர்த்தர் கையில் ஒப்படைத்துவிட்டீர்கள் அல்லவா?" என்று ஆதரவாகக் கேட்டார். அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மட்டும் ஒப்படைச்சிருக்கேன் ஐயா. வாங்குவாரா மாட்டாரான்னு தெரியாது."

அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. இரண்டு நாள் கழித்துக் காலையில் மூச்சு நின்றது. முகத்தில் சமாதானம் இருந்தது என்று பலர் சொன்னார்கள். நான் அருகிலிருந்து பார்த்தேன். களைப்புதான் இருந்தது.

அப்பாவின் நோயில் மாறி மாறி வந்து உடம்பு துடைத்துவிட்ட சபை இளைஞர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும், அழைக்காமலே வந்த கம்பவுண்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலாயுதன் மாமா இன்றுவரை அந்த மத்தியானத்தைப் பற்றி அப்பாவிடமோ எங்களிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மௌனத்துக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

நினைவு ஆராதனைக்கு வருகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். அம்மாவிடம் ஆறுதலாகப் பேசுங்கள். ஆனால் நடந்ததெல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். எனக்காகவும் ஒன்று கேட்கிறேன். ஓராண்டாக ஒவ்வொரு நாளும் முழங்காலில் நிற்கிறேன். அப்பாவின் பெயரைச் சொன்னதும் அதற்குமேல் ஒரு சொல்லும் வருவதில்லை. உங்களில் யாருக்காவது அந்தச் சொற்கள் வருமானால், எங்கள் வீட்டுக்காக நீங்கள் ஜெபியுங்கள்.

– மகள்