இருபத்தாறு மருந்துச் சீட்டுகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பள்ளிவாசல் மாடியைப் பெண்கள் தொழுவதற்குத் திறந்துவிடக் கேட்டு, இருபத்தாறு பெண்களின் கையெழுத்தோடு ஜமாஅத் தலைவரிடம் மனு கொடுத்தேன்.
2. மனுவோடு சேர்த்து அந்த இருபத்தாறு பேரின் ரத்த அழுத்தத்தையும் கொடுத்துவிட்டேன்.
3. கமிட்டி மனுவை விட்டுவிட்டு ரத்த அழுத்தத்தைப் படித்தது.
4. என் கிளினிக் இருக்கும் அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அறை ஜமாஅத்துக்குச் சொந்தமானது.

இரண்டாவதை விளக்க வேண்டும். அது என் தவறு.

ஏற்காட்டில் பள்ளிவாசலை ஒட்டிய கடை வரிசையில் கடைசி அறை என்னுடையது. வெளியே நர்ஸ் உட்கார்ந்திருப்பார். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எடுத்து, பெயர், வயது, எடை, பிரஷர், தேவைப்பட்டால் சர்க்கரை அளவு என்று மேலே எழுதிக் கையில் கொடுப்பார். அந்தச் சீட்டோடு உள்ளே வருவார்கள். கீழே மிச்சமிருக்கும் இடத்தில் நான் மருந்து எழுதுவேன்.

வாழவந்தியிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் பஸ்ஸில் வரும் முஸ்லிம் பெண்களுக்கு டவுனில் தொழ இடம் கிடையாது. பாங்கு கேட்டதும் கணவர் பள்ளிவாசலுக்குள் போய்விடுவார். மனைவி பையை வைத்துக்கொண்டு பனியில் வெளியே நிற்பார். நான் வந்த முதல் வருடம், காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் எழுந்து போகாமல் தயங்கி நின்றார்.

“ஏனுங்க டாக்டரம்மா, அந்த ஸ்கிரீனுக்குப் பின்னால அஸர் தொழுதுக்கட்டுங்களா?”

அன்றிலிருந்து பச்சை ஸ்கிரீனுக்குப் பின்னால் ஒரு பாய் கிடக்கிறது. தொழுமுன் கை கால் முகம் கழுவும் ஒளுவுக்கு வெந்நீர் பிளாஸ்க்கில் இருக்கும். இந்தப் பக்கம் நான் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்திருக்கும்போது, அந்தப் பக்கம் நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்பவரின் வளையல் தரையில் உரசுவது கேட்கும்.

முழங்கால் வலிக்கு வழக்கமாக வரும் மாரமங்கலத்துக் காப்பித் தோட்டக்காரர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டார்.

“அந்தாண்ட யாருங்க?”

“தொழறாங்க.”

“பக்கத்துலயே அத்தாம் பெரிய பள்ளிவாசல் இருக்குதுங்களே. பொம்பளைங்க கும்புட்டா உங்க சாமிக்கு ஆகாதுங்களா?”

“சாமிக்கு ஆகுமுங்க. கமிட்டிக்குத்தான் ஆகாது.”

“எங்கூர்க் கோயில்லயும் கமிட்டி அப்படித்தானுங்க” என்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னதை ஏன் எழுத்தில் கேட்கக் கூடாது என்று தோன்றியது. மனுவில் நான்கு வரிகள்தான். மாடி காலியாக இருக்கிறது, பழைய பாய்களும் ஓடாத ஸ்பீக்கரும் மட்டும் கிடக்கின்றன. வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு இருக்கிறது. தண்ணீர்க் குழாயை நாங்களே போட்டுக்கொள்கிறோம். நபியின் பள்ளிவாசலில் பெண்கள் தொழுதார்கள், ஏற்காட்டுப் பள்ளிவாசல் அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டியதில்லை.

சம்மதித்தவர்களிடம் அவரவர் சீட்டின் அடியிலேயே கையெழுத்து வாங்கினேன். கைக்கு அகப்பட்ட தாள் அதுதான். மருந்துக்கு மட்டும் வேறு தாள் எழுதிக் கொடுத்தேன். இருபத்தாறு சேர்ந்ததும் மனுவின் பின்னால் வைத்துப் பின் அடித்தேன். மேலே நர்ஸின் கையெழுத்தில் இருந்த எண்கள் என் கண்ணில் படவில்லை. தினமும் பார்க்கிற எதுவும் எனக்கு அப்படித்தான்.

கமிட்டி கூப்பிட்டுவிட்டது. நான்கு பேர் இருந்தார்கள். தலைவர் முதல் சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

“இதபாரு கண்ணு, நூத்தி அறுவதுக்கு நூறு. இந்தம்மாவுக்கு மாடி எதுக்கு? நாலு படி ஏறுனா மயக்கம் வந்துருமே.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அடுத்த சீட்டைப் புரட்டிப் பெயரையும் சர்க்கரை அளவையும் படித்தார். ஒருவர் மட்டும் சிரிப்பை நிறுத்தினார். அது அவர் மனைவியின் சீட்டு. தனக்குச் சர்க்கரை இருப்பதை அந்த அம்மா ஒரு வருடமாக வீட்டில் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும்.

நான் அந்தக் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். தலைவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். குரலை இறக்கினார்.

“மனுவ வாபஸ் வாங்கிக்கம்மா. இதெல்லாம் வெளிய போவாது. ரூமும் உனக்கே இருக்கட்டும்.”

“சீட்டக் குடுத்தது என் தப்புங்க. அதுக்கு அந்த இருபத்தாறு பேருகிட்டயும் மன்னிப்பு கேட்பேன். மாடியக் கேட்டது தப்பில்லைங்க. அதுக்கு யாருகிட்டயும் கேட்க மாட்டேன். சீட்ட இப்பவே குடுத்துருங்க.”

நீட்டிய கையை மடக்காமல் நின்றேன். கொடுத்தார். மறுநாள் காலி செய்யச் சொல்லும் கடிதம் வந்தது.

அடுத்த பத்து நாள் மதியங்களில் கிளினிக்கை மூடிவிட்டுப் பஸ்ஸிலும் நடந்தும் வீடு வீடாகப் போனேன். அவரவர் சீட்டை அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு மனுவுக்கு மறுபடி கையெழுத்துக் கேட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினேன். நூற்று அறுபதுக்காரர் சிரித்துவிட்டார்.

“பிரஷர்தானுங்க, போனாப் போவுது. எம் மாமியாராலதான் வந்துச்சுன்னு எழுதாம விட்டீங்களே.”

இரண்டு பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். மறுக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. வற்புறுத்தவில்லை.

சர்க்கரையை மறைத்தவரின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். தைரியம் வர அத்தனை நாள் ஆனது. அவர் வாசலிலேயே நின்று பேசினார்.

“இப்ப என் தட்டுல என்ன இருக்குன்னு மொத்த ஊடும் எட்டிப் பாக்குது. வருசம் பூரா மறைச்சு வச்சதுங்க. உங்கள நம்பித்தான சொன்னேன்?”

“ஆமாங்க. என் தப்புதான். மன்னிச்சுருங்க.”

“மன்னிப்பனான்னு தெரியலீங்க.” உள்ளே அவர் கணவர் இருமினார். இவர் குரலைக் குறைக்கவில்லை. “தாளக் குடுங்க.”

கொடுத்தேன். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று உறுதியானதும் கதவு நிலையில் வைத்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்றைய நிலை: இரண்டாவது மனு, இருபத்து நான்கு வெள்ளைத் தாள்களோடு, தலைவரிடம் இருக்கிறது. பதில் வரவில்லை. மாடி பூட்டியிருக்கிறது. அறையைக் காலி செய்ய ஒன்பது நாள் மீதி. குப்பனூர் ரோட்டில் வேறொரு அறை பார்த்து வைத்திருக்கிறேன், ஸ்கிரீன் போட அங்கும் இடம் உண்டு. மனுவை வாபஸ் வாங்கவில்லை.