கயிற்றுக்கும் வலைக்கும் நடுவே

அந்தப் பெட்டிக்குள் போகும் முன் அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிடுவாள். அதன் டிக்டிக் கூட மைக்கில் விழும். வளையலை முதல் வாரமே விட்டாயிற்று. மொடமொடப்பான உடுப்பும் கூடாது. பெட்டி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்: பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் நிலையத்தின் மாடியில், ஒருவர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் மர அறை. சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் தெரு, மாடிப்படி, பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் எல்லாம் கழன்று விழுந்துவிடும். பதிவு ஆரம்பித்ததும் மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். வியர்வை கழுத்தில் இறங்குவது அவளுக்கே கேட்பதுபோல இருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்பவன் உட்கார்ந்திருப்பான். இருமல், தும்மல், தடுமாறிய வரி, எல்லாவற்றையும் வெட்டி எறிவது அவன் வேலை. அதனால் அவனுக்குக் கத்திரி என்று பெயர் வந்தது. முதல் நாள் அவளுக்கு அவன் சொன்ன பாடம் ஒன்றுதான்.

"எங்க வேணும்னாலும் மூச்சு விடுங்கக்கா. ஆனா ரொம்ப நேரம் சும்மா மட்டும் இருந்துடாதீங்க. கேக்கறவங்க மெஷின் நின்னுபோச்சுன்னு தட்டிப் பாப்பாங்க."

மேலாளர் அம்மாளின் பாடம் வேறு. நடிக்கக் கூடாது. குரல் மாற்றிப் பேசக் கூடாது. வாசிப்பவர் பெயரைச் சொல்லக் கூடாது. "புத்தகத்துல இருக்கறது போதும். நாம அதுல எதையும் போடவும் வேணாம், எடுக்கவும் வேணாம்."

அவளுக்கு இதெல்லாம் கஷ்டமாக இல்லை. வேலை பார்த்த காலம் முழுக்கப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று ஊருக்கே சொன்ன குரல். முகம் யாருக்கும் தெரியாது. கடையில் "வெங்காயம் அரைக் கிலோ" என்று அவள் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் தங்களை அறியாமல் பையைத் தூக்கிக்கொள்வார்கள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவர் அவள் கணவர். கடைசல் பட்டறையில் வேலை. ஒருநாள் பட்டறையிலேயே விழுந்தார். அதன் பிறகு அவருக்கு உடம்பில் ஒரு பக்கமும் போயிற்று, பேச்சும் போயிற்று. படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த வருடங்களில் அவள் வேலையிலிருந்து வந்ததும் செய்தித்தாளை அவருக்கு வாசிப்பாள். பிடிக்காத செய்தி வந்தால் ஒற்றை விரலால் மெத்தையைத் தட்டுவார். அடுத்ததுக்குப் போ என்று அர்த்தம்.

அவர் போன பிறகு குரல் வீட்டில் சும்மா கிடந்தது. பணி ஓய்வும் வந்துவிட்டது. சில நாட்களில் மாலை வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். பால்காரர் "எத்தனைம்மா?" என்று கேட்கும்போது தொண்டை கரகரக்கும், துருப்பிடித்த கதவு மாதிரி. ஒருநாள் பேருந்தில் இந்த நிலையத்தின் விளம்பரத்தைப் பார்த்தாள். மறுநாள் போய் நின்றாள்.

மகள் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கால் வலி எப்படி இருக்கு, வேற என்ன. "வேற ஒண்ணுமில்ல" என்பாள். "சரி, வெச்சிடறேன்மா." தண்ணீர் வரும் நேரம் மாதிரி, வந்தது தெரியும், நின்றதும் தெரியும். அப்பா இறந்த மறுநாள் மகள் வந்து சேர்ந்தபோது அந்த அறை துடைத்து வைத்ததுபோல இருந்தது. மெத்தை இல்லை. விரிப்புகள் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. கட்டிலைக் கழுவி மொட்டைமாடிக்கு ஏற்றியாயிற்று. "அப்பாவோட வாசனைகூட மிச்சம் வெக்கலையேம்மா" என்றாள் மகள். நாத்தனார் கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, "உயிர் போன கையோட துவைக்க உக்காந்துட்டா. கண்ணுல ஒரு சொட்டு?" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

*

கல்லூரிப் பாடத்துக்காக ஒரு மீனவர் நாவலை அவளிடம் கொடுத்தார்கள். பழைய நாவல். எழுதியவர் எப்போதோ காலமாகிவிட்டார். ஒரே படகில் தொழில் செய்யும் அண்ணன் தம்பி கதை. அலைக்கு மேல் அலை எழ, மழை அடிக்கும் ஒரு நாளில், அதுவரை கண்டிராத அளவு மீன் வலையில் விழுகிறது. தம்பி கடலில் தவறி விழுகிறான். இடுப்பில் கட்டிய கயிறு அண்ணன் கையில். வலையின் கயிறு படகு விளிம்பில். அந்த இடத்தில் ஆசிரியர் எழுதியது இவ்வளவுதான்:

கயிற்றை விட்டான். வலையை இழுத்தான்.

பிறகு படகு கரைக்கு வருகிறது. ஊர் அவனைப் பார்க்கிற பார்வையும், அவன் கடைசிவரை வாயே திறக்காததும்தான் மீதி நாவல்.

அன்று பெட்டிக்குள் அவள் முதல் வாக்கியத்தை வாசித்தாள். இரண்டாவது வாக்கியம் கண்ணெதிரே இருந்தது. வாயில் வரவில்லை. அழுகையும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். ஓர் ஆள் கீழிருந்து மாடி ஏறி வருகிற நேரம் இருக்கும். அப்புறம் "வலையை இழுத்தான்" என்று வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனாள். கத்திரி எப்படியும் வெட்டிவிடுவான் என்று நினைத்தாள். கத்திரிக்கு அன்று பல்வலி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை அப்படியே அனுப்பிவிட்டான்.

இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது, ஒரு பெண் தேடி வந்தபோதுதான்.

கல்லூரி மாணவி. வெள்ளைக் கோலால் வாசலைத் தொட்டுப் பார்த்து உள்ளே வந்தாள். மேலாளர் அம்மாள் இவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். "வாங்க" என்று இவள் சொன்னதுதான் தாமதம், அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

"மடக்!" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரி ஆன்ட்டி. எங்க ஹாஸ்டல்ல உங்களுக்கு அதான் பேரு."

"ஏன்மா?"

"ஒரு வரலாற்றுப் புத்தகத்துல போர் உச்சத்துல நடக்கும்போது நீங்க தண்ணி குடிச்சது விழுந்திருக்கு. மடக்னு. ரெண்டு ராஜாவும் வாளோட காத்துட்டு நிப்பாங்க."

வாசலில் நின்ற கத்திரி தலையைச் சொறிந்தான். "அதுவும் நான் விட்டதுதான்" என்றான்.

அவள் சிரித்தாள். தனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, எங்கேயோ ஒரு விடுதியில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது ஒரு பலகாரத்தைக் கையில் கொடுத்ததுபோல இருந்தது.

அந்தப் பெண் வந்த காரியம் வேறு. வகுப்பில் ஒரு கட்டுரை வாசித்திருந்தாள், அண்ணனின் பாத்திரப் படைப்பைப் பற்றி. கடையில் விற்கிற கைடில் 'அண்ணன்: பேராசைக்காரன். மையக்கருத்து: பேராசையின் விளைவு' என்று இருக்கிறது. எல்லோரும் அதையே எழுதினார்கள். இந்தப் பெண் மட்டும் இல்லை என்றாள்.

"கயிற்றை விட்டதும் அவன் உடனே வலைக்குப் போகல. அங்க ரொம்ப நேரம் நிக்கறான். கயிறு போன கையை வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கறான். அப்புறம் அந்தக் கைக்கு ஒரு வேலை வேணும். அதான் வலையை இழுக்கறான். ஆசிரியர் அந்த நேரத்தை மௌனமா எழுதியிருக்கார்னு சொன்னேன். மையக்கருத்து பேராசை இல்ல, யாரும் பார்க்காத நேரம்னு சொன்னேன். சார் சிரிச்சுட்டார். 'எந்த மௌனம்மா? என் புத்தகத்துல அங்க ஒரு முற்றுப்புள்ளிதான் இருக்கு'ன்னார். ஏதோ பதிப்புல விட்டுப்போயிருக்கும்னேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பக்கத்தைக் காட்டு, இல்லைன்னா கட்டுரையை மாத்துன்னுட்டார்."

அந்தப் பெண் முன்னால் சாய்ந்தாள்.

"அச்சுல அது எப்படி இருக்கு ஆன்ட்டி? ஒரு வரி இடம் விட்டிருக்கா? புள்ளி புள்ளியா வெச்சிருக்கா?"

புத்தகம் மேசைமேல்தான் இருந்தது. மேலாளர் அம்மாள் போன் பேச வெளியே போயிருந்தார். அவள் பக்கத்தைப் புரட்டி எடுத்தாள். ஆமாம், ஒரு வரி விட்டிருக்கு என்று சொன்னால் இந்தப் பெண்ணுக்குத் தெரியப்போவதில்லை. வெள்ளிக்கிழமைவரை சந்தோஷமாக இருக்கும். ஒருவேளை அதற்கப்புறமும். தன் நெஞ்சுக்குள் கிடந்ததை ஒருத்தி காதால் கேட்டுப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அதை எப்படி இல்லை என்பது?

விரலை அந்த இடத்தில் வைத்தாள். மிகச் சின்னப் புள்ளி.

"முற்றுப்புள்ளிதான்மா இருக்கு."

"அதுக்கப்புறம்?"

"அடுத்த வாக்கியம்."

அந்தப் பெண் கோலை மடித்தாள், விரித்தாள். "அப்ப நிறுத்தினது?"

"நான்தான்."

"இருமலா?"

"இல்ல."

"பக்கம் ஒட்டிக்கிச்சா?"

"இல்லம்மா."

கத்திரி அங்கிருந்து நகர்ந்துவிட்டான். படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கியது.

"எங்க வீட்டுக்காரர் ரொம்ப நாள் படுக்கையில இருந்தார்" என்றாள் அவள். அறிவிப்புக் குரலில்தான் வந்தது. அவளுக்கு வேறு குரல் இல்லை. "காலையில கஞ்சி கொண்டுபோனேன். உயிர் போயிருந்துச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். எழுந்து யாருக்காவது சொல்லணும்னு தெரியுது. எழுந்திரிக்கல. கஞ்சி ஆறி, மேல ஆடை கட்டி, அந்த ஆடையும் சுருங்கிப்போச்சு. அந்த விரல் தட்டுமான்னு பாத்துட்டே இருந்தேன். அப்புறம் எழுந்து விரிப்பைத் துவைச்சேன். எல்லாரும் வந்தப்ப நான் துவைச்சுக்கிட்டிருந்தேன். அதைத்தான் பாத்தாங்க."

அந்தப் பெண் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "அப்ப அவன் பேராசைக்காரன் இல்லைன்னு நினைக்கிறீங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா. அவனைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? என்னைப் பத்தித்தான் தெரியும்."

"கைடு எழுதினவருக்கு மட்டும் தெரியுமா?"

அந்தப் பெண் எழுந்தாள். "சார்கிட்ட புத்தகத்துல இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா கட்டுரையை மாத்த மாட்டேன். ரெண்டு வரிக்கு நடுவுல எவ்வளவு நேரம்னு புத்தகம் சொல்லல. ஒருத்தங்க அங்க நின்னு பாத்தாங்கன்னு எழுதிக்கறேன். மார்க் போனா போகட்டும்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "சொன்னதுக்கு தேங்க்ஸ் ஆன்ட்டி. பொய் சொல்லியிருக்கலாம் நீங்க. எனக்குக் குரல்ல தெரிஞ்சிருக்கும், ஆனாலும்."

*

விஷயத்தைச் சொன்னபோது மேலாளர் அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க கஷ்டம் புரியுது. ஆனா அந்தப் பொண்ணு நம்ம குரலை நம்பி வகுப்புல தலைகுனிஞ்சு நின்னிருக்கு பாருங்க. பாடப் புத்தகம் இல்லையா. அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசிச்சுக் குடுத்துடுங்க" என்றார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது.

கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். மின்விசிறி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் கத்திரி கையை உயர்த்தினான்.

"கயிற்றை விட்டான். வலையை இழுத்தான்."

நடைமேடை எண் சொல்வதுபோல வந்தது. ஒரு பிசிறு இல்லை. கத்திரி போட்டுக் காட்டினான். வெளியே நின்று கேட்டாள். கேட்கிறவர்கள் இனி அந்த அண்ணனைத் திட்டுவார்கள். அவளே முதல் தடவை அவனைத் திட்டலாம்போல இருந்தது. எழுதியவரும் இந்தப் புள்ளியை வைத்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாரா, இல்லை அடுத்த வரிக்கு ஓடினாரா? கேட்க ஆள் இல்லை.

"பழசை அழிச்சிடவாக்கா?" கத்திரியின் விரல் பொத்தான்மேல் நின்றது. அவள் முகத்தைப் பார்க்காமல், "வெச்சுக்கணும்னா தனியா..." என்று இழுத்தான்.

"வேணாம். அழிச்சிடு."

வீட்டுக்கு நடந்தாள். படியேறிக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். கட்டில் இருந்த இடத்தில் இப்போது தையல் மெஷின் நின்றது. அதன்மேல் மடிக்காத துணி கிடந்தது. மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

"வேற என்னம்மா?"

வேற ஒண்ணுமில்ல என்பது நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினாள். வேறு எதுவும் அதன் இடத்துக்கு வரவில்லை. மகள் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. பாத்திரம் ஒன்று பாத்திரத்தில் மோதியது. அப்புறம் குழாய் நின்றது.

"ஹலோ? அம்மா? லைன் கட்டாயிடுச்சா?"

"இல்ல. இருக்கேன்."

"பேசாம இருந்தா என்னன்னு நினைக்கறது?"

"அன்னைக்கு உங்கப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன்" என்றாள்.

"என்னைக்கு?"

"நீ வர்றதுக்கு முந்தின நாள்."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. இவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். வெளிச்சம் அணையவில்லை. மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.