சித்தியின் காகிதக் கதவு

என் சித்தியை எங்கள் சனங்கள் இன்றைக்கும் அழும்புக்காரி என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்த அழும்புக்கு ஒரு தடவை நானும் கைகொடுத்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

பினாங்கில் ஒரு ஜப்பான்காரர் வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த சித்தப்பா, ஆட்டையாம்பட்டி நெசவுக்காரர் தெருவில் யாரும் செய்யாத காரியம் செய்தார். ஓர் அறைக்கு மூங்கில் சட்டம் அடித்துக் காகிதக் கதவு போட்டார். தரை முழுக்க வைக்கோலைச் செங்கல் கனத்துக்கு அடுக்கித் தைத்து, மேலே கோரைப்பாயைப் போர்த்தினார். வந்தவர்களெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் அவர் மறுபடி பினாங்குக்குக் கப்பலேற, அந்த அறையின் பொறுப்பு சித்தி தலையில் விழுந்தது.

அவள் ஒரு குறை வைக்கவில்லை. வெயில் காலத்தில் பாய்களைத் தூக்கி நிறுத்திக் காயவைத்துத் தட்டுவாள். வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டுவாள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் அரிசிக் கஞ்சிதான் பசை. பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். கிழிக்கும் வேலை மட்டும் எனக்கு. விரலை விட்டுப் பொத்தல் போட்டுக் கிழிக்கும் சுகம் தின்பண்டத்தில்கூட இல்லை.

பிறகு சண்டை வந்தது. பினாங்கை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்றார்கள். சித்தப்பாவிடமிருந்து இரண்டு வருடமாகக் கடுதாசி இல்லை. அவருக்கு மூத்தவரான பெரியப்பா, அந்த அறையை ஒழித்துத் தறி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தி காதில் வாங்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், சித்தி கிணற்றுக்குப் போயிருந்த நேரம், பெரியப்பா ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார்.

"கதவுக் காயிதத்தையெல்லாம் கிழிச்சுப் போடு சாமி" என்றார்.

எனக்கு வேறென்ன வேண்டும்? இந்த வருடம் சீக்கிரமே ஒட்டப்போகிறார்கள் என்று நினைத்து, ஒரு கட்டம் விடாமல் கிழித்துத் தள்ளினேன்.

சித்தி குடத்தோடு வந்து நின்று பார்த்தாள். பெரியப்பா பொட்டலத்தை அவள் முன்னால் வைத்து, எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பாய், ஊர் என்ன பேசும், செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் பிரித்தாள். உள்ளே கரையில்லாத புது வெள்ளைச் சேலை.

நேரே அடுப்படிக்குப் போய்க் கஞ்சி காய்ச்சினாள். வந்து உட்கார்ந்து, சேலையைப் பல்லால் கடித்துச் சர்ரென்று கிழித்தாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, பசையைத் தடவிச் சட்டத்தில் ஒட்ட ஆரம்பித்தாள்.

"இது கதவுக்குத்தானுங்க மாமா ஆகும்" என்றாள் பெரியப்பாவைத் திரும்பிப் பார்க்காமல். "அவிங்க வந்து ஒக்கார்ற எடத்துல தறி போட நா உடமாட்டேனுங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கோ ஆற்றாமை தாங்கவில்லை. யாராவது புதுச்சேலையைக் கிழிப்பார்களா?

"பேசாம நீயே கட்டியிருக்கலாமில்ல சித்தி" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அடி விழப்போகிறதென்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. இழுத்துப் பிடி என்று மட்டும் சொன்னாள். பசை காய்ந்துவிடுமே என்ற அவசரம் என்றுதான் நான் நினைத்தேன்.