எக்ஸ்ட்ரா மாமாவும் ஏழு மணி மோட்டாரும்

எங்கள் மாமாவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் எக்ஸ்ட்ரா. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நான் ஒருத்திதான், அதுவும் அவர் காதில் விழும்படி. அக்கா புருஷனைக் கிண்டல் செய்யக் கொழுந்தியாளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

இரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் மாமா ஆறு பேருக்குச் சமைக்கச் சொல்வார். மழை வரும்போல இருந்தால் இரண்டு குடை எடுத்துக்கொள்வார். ஊருக்குப் போவதென்றால் முந்தைய ரயிலை வழியனுப்பி வைத்துவிட்டுத்தான் தன் ரயிலில் ஏறுவார். அக்காவுக்குக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கப் போனவர் அடுத்த காய்ச்சலுக்கும் சேர்த்து வாங்கி வந்த கதையும் உண்டு. கஞ்சத்தனம் தெரியாத மனுஷன். ஆனால் எதுவும் பத்தாமல் போய்விடுமோ என்ற பயம் மட்டும் எந்நேரமும் அவர் தோளில் உட்கார்ந்திருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு மின்சார அலுவலகத்தில் கொடுத்த வேலை என்ன தெரியுமா? வரும் வருடங்களில் ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று கணித்து மேலே அனுப்புவது. அப்புறம் கேட்க வேண்டுமா? கணக்கு சரியாகத்தான் வரும். அனுப்புவதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கை சேர்ப்பார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அவருக்குக் கீழே விவரம் சேகரித்தவரும் ஒரு கை சேர்த்திருப்பார், மேலே கையெழுத்துப் போடுகிறவரும் ஒரு கை சேர்ப்பார். அந்தக் கணக்கு உச்சிக்குப் போய்ச் சேரும்போது எங்கள் ஊர் பெருநகரமாகிவிட்டிருக்கும்.

அந்தக் கணக்கை நம்பி, துணை மின்நிலையத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு டீசல் மின்நிலையம் கட்ட முடிவு செய்தார்கள். அந்தப் பின்பக்கத்து நிலத்தில்தான் அக்காவும் நானும் செடிப் பண்ணை வைத்திருந்தோம். மின்சார அலுவலகத்தின் நிலம், எங்களுக்குக் குத்தகை. முள்ளும் கல்லுமாகக் கிடந்ததை அக்கா தன் கையாலேயே திருத்தியிருந்தாள். ரோஜா, செம்பருத்தி, எலுமிச்சைக் கன்று என்று ஊரில் பாதி வீட்டு வாசலில் நிற்பது எங்கள் செடிதான். நிலத்தைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்தபோது அக்கா அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உரக்கப் படித்தாள்.

"எதிர்வரும் மின்தேவைக் கணிப்பின்படின்னு போட்டிருக்கு. இந்தக் கணிப்பு யாருங்க போட்டது?"

மாமா இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"நான்தான்," என்றார் மாமா.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "மாமா, போட்டது நீங்க. கொஞ்சம் குறைச்சுப் போடறதுக்கு எவ்வளவு நேரமாகும்?" என்றேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் அப்படிப் பார்த்தால் வீட்டில் ஃபேன்கூட மெதுவாகச் சுற்றும்.

"வாயை மூடுடி. எனக்காக நம்பரைக் குறைச்சு, அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடக்கறப்போ கரண்ட் போச்சுன்னா? நான் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிம்மதியா இருப்பேனா?" பிறகு மாமாவிடம், "உங்க கணக்கு நிஜம்னா நான் காலி பண்றேன். நிஜமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதிருக்கிறாள் என்று மாமாவுக்கும் எனக்கும் தெரிந்தது. எனக்கு மாமா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்துக்கு ஒரு பயிற்சி அறிவிப்பு வந்தது. மின்சாரத்தின் தேவையையும் உற்பத்தியையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிடக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி. வாரம் முழுக்க வெளியூர் வகுப்பு, சனி ஞாயிறு வீடு. ஒருவருக்கு இடுப்புவலி, இன்னொருவருக்கு வீட்டில் விசேஷம் என்று ஆளாளுக்கு நழுவினார்கள். மாமா கையைத் தூக்கினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவராக எதற்கும் கையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்களாம்.

முதல் வாரம் முடிந்து வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். வகுப்பை இரண்டாகப் பிரித்து, இல்லாத ஒரு ஊருக்குத் திட்டம் போடச் சொன்னார்களாம். ஒரு கூட்டம் ஒரு அறையில் தேவையைக் கணக்கிட்டது, மற்றது அடுத்த அறையில் உற்பத்தியைத் திட்டமிட்டது. தேவைக் கூட்டத்தில் மாமா, வழக்கம்போல ஒரு கை சேர்த்தார். உற்பத்திக் கூட்டத்திலும் ஒரு எக்ஸ்ட்ரா இருந்திருப்பார்போல. மறுநாள் இரண்டையும் சேர்த்து வைத்தபோது பயிற்சி நடத்திய பெண் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"உங்க ஊர்ல ஜனங்க ஆளுக்கு நாலு ஃபேன் போட்டுட்டு, குளிர் தாங்காம போர்வையில உக்காந்திருக்காங்க சார்," என்றாராம் கடைசியில். வகுப்பே சிரித்ததாம். மாமாவும்தான். சிரித்து முடித்ததும் அந்தப் பெண் ஒன்று கேட்டாராம். "எவ்வளவு வேணும்னு எல்லாரும் கேட்டீங்க. எப்ப வேணும், அப்பத்தான் வேணுமான்னு யாராவது போய்க் கேட்டீங்களா?"

அந்தக் கேள்வி மாமாவைப் பிடித்துக்கொண்டது. முதலில் அகப்பட்டவர்கள் நாங்கள்தான். இஸ்திரிப் பெட்டியை ஏன் சாயங்காலம் போடுகிறாய், துணி துவைக்கும் இயந்திரம் ஏன் விளக்கு வைக்கும் நேரத்தில் ஓடுகிறது என்று வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார். "பகல்ல ஊர்க் கூரையெல்லாம் போட்டிருக்கற சோலார்ல கரண்ட் வந்து கொட்டுது. யாரும் தொடறதில்ல. சாயங்காலம் ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல கையை நீட்டறோம். அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்காகத்தான் புது நிலையமே," என்றார். அக்கா மறுநாள் மத்தியானமே இஸ்திரி போட்டுவிட்டாள்.

வீட்டோடு விட்டாரா? சனிக்கிழமை வந்தால் என் ஸ்கூட்டரில் தொற்றிக்கொள்வார். ஐஸ் தொழிற்சாலை, ரொட்டி அடுப்பு, குளிர்பதனக் கிடங்கு என்று ஒவ்வொரு இடமாகப் போய் எப்போது வேண்டும், அப்போதுதான் வேண்டுமா என்று கேட்டோம். ஆனால் சாயங்காலச் சுமையில் பெரிய பங்கு குடிநீர் நிலையத்து மோட்டார்களுக்கு. ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ராட்சச மோட்டார்கள். ஏழு மணிக்கு அவை கிளம்பினால் எங்கள் வீட்டு விளக்கு கண் சிமிட்டும். அங்கே மேற்பார்வையாளர் எங்களை இரைச்சலுக்கு நடுவே உட்கார வைத்தார்.

"ஏன் சார் சாயங்காலம் மோட்டார் போடறீங்க?" என்று மாமா கத்தினார்.

"நீங்கதான சொன்னீங்க," என்று அவரும் கத்தினார்.

"நாங்களா?"

"உங்க ஆபீஸ்தான் சார். பகல்ல மில்லுக்கே கரண்ட் பத்தல, இருட்டினப்புறம் ஓட்டுங்கன்னு சொன்னீங்களாம். நான் வேலைக்கு வந்தப்பவே அப்படித்தான்."

"மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சே சார். எங்க ஆபீஸ்ல, தண்ணிக்காரங்களுக்கு சாயங்காலந்தான் வேணும், சொன்னா கேக்க மாட்டாங்கன்னுல்ல பேசிக்கறோம்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேற்பார்வையாளர் கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப மத்தியானமே தொட்டியை ரொப்பிட்டா, நான் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாமா சார்? என் பொண்டாட்டி இத்தனை வருஷமா தனியாத்தான் டீ குடிக்கறா."

"தாராளமாப் போங்க," என்றார் மாமா, தான்தான் அவருக்கு அதிகாரி என்பதுபோல.

சோதனையாகச் சில வாரம் அப்படியே செய்து பார்த்தார்கள். தொட்டி நேரத்துக்கு நிறைந்தது, குழாயில் தண்ணீர் எப்போதும்போல வந்தது. ஊரில் ஒருவருக்கும் எதுவும் மாறியது தெரியவில்லை. மாறியது மின்சார அலுவலகத்துத் திரையில் ஊரின் மின்தேவையைக் காட்டி ஓடும் கோடு மட்டும்தான். சாயங்காலம் தொந்தியைத் தள்ளிக்கொண்டு நின்ற கோடு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டதுபோல அடங்கிவிட்டது.

பிறகு கூட்டம். மாமாவின் பிடிவாதத்தால் எல்லோரையும் ஒரே மேஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குடிநீர்க்காரர்கள், ஐஸ் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, நிலத்தில் இருப்பவர்கள் என்ற கணக்கில் நாங்கள். தலைமைப் பொறியாளர் மாமாவின் புதிய கணிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல உங்க எக்ஸ்ட்ரா எவ்வளவு?"

அறை முழுக்கச் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமா தண்ணீர் குடித்தார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணுமேயா?"

"என் கணக்குல இல்ல. கையிருப்பு வேணும், இல்லேங்கல. எவ்வளவுன்னு இங்கேயே எல்லார் முன்னாடியும் பேசி ஒரே தடவை போடுவோம். ஆஸ்பத்திரிக்கு என்ன வேணும்னு ஆஸ்பத்திரியே சொல்லட்டும்."

"அப்படியும் தப்பாப் போச்சுன்னா?"

"அடுத்த கூட்டத்துல திருத்துவோம் சார். முன்னாடி பக்கத்து ஆபீஸைக் கேக்கறதுக்கு வழி கிடையாது. அவங்கவங்க அறையில தனியா உக்காந்து பயந்தோம், பயந்து பயந்து சேத்தோம். இப்பதான் கேக்க ஆள் இருக்கே."

தலைமைப் பொறியாளர் பேனாவை மூடினார். கையிருப்பைப் பற்றி ஆஸ்பத்திரிக்காரரோடு வெகுநேரம் வாதம் நடந்தது. அவர் கேட்டதைக் கொடுத்த பிறகும் புதிய நிலையத்துக்கு வேலையில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே டீசல் நிலையம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. எங்கள் குத்தகையையும் நீட்டித்துக் கொடுத்தார்கள். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது, அலுவலகமாயிற்றே என்று உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் அக்கா மாமாவை வழியிலேயே நிறுத்தினாள். அத்தனை நாளாக அவள் மனதில் அரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"உண்மையைச் சொல்லுங்க. எனக்காகக் குறைச்சீங்களா?"

"உனக்காகன்னா என்னால குறைக்க முடியுமா? கூட்டித்தான் போட்டிருப்பேன்," என்றார் மாமா.

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கும்தான்.