மணி அடித்த நாளில் தவறிய சந்தி

இன்று மாலை தலவாக்கலையில் பஸ் ஏறியபோது பனி ஜன்னல் வரை வந்திருந்தது. பக்கத்தில் ராஜேஸ்வரி அக்கா. சூடு மீறினால் மணி அடிக்கும் கணினியை நான் பொருத்திக்கொடுத்த தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர்.

"தங்கச்சி, நேத்து அவ்வளவு சூடு ஏறியும் மணி அடிக்கலையே, ஏன்? கருகுற வாடை வந்துதான் நான் ஓடிப்போய் நிறுத்துனேன்."

வெட்கமாக இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, கணினியின் நான்கு புரொசஸர்களில் ஒன்றை அணைத்திருந்தேன். சூடு ஏறினால் வரும் இன்டரப்ட், அதாவது எல்லா வேலையையும் விட்டு உடனே கவனிக்கச் சொல்லும் அழைப்பு, அணைத்த அந்தப் புரொசஸருக்கே போய்க்கொண்டிருந்தது. எடுக்க ஆளில்லை.

"இன்னைக்கு என்ன செஞ்ச?"

"அழைப்பையெல்லாம் முதல்ல வேற புரொசஸருக்கு மாத்திட்டேங்க. மாத்துறப்ப நடுவுல வந்து நின்னது இருக்கான்னு பாத்து, அதையும் அங்க அனுப்பிட்டுத்தான் அணைச்சேன்."

"அதான் இன்னைக்கு சூடு ஏறுனதும் மணி அப்படி அடிச்சுச்சா! திடுக்குன்னு ஆயிருச்சு," என்று சிரித்தார். "இனிமே என் மூக்குக்குக் கொஞ்சம் ஓய்வு."

மலைகள் பனிக்குள் கரைந்துகொண்டிருந்தன. பஸ் தரையைத் தொடாமல் மிதப்பது போலிருந்தது. அக்காவின் தலை என் தோளில் சாய்ந்தது.

நாங்கள் இறங்க வேண்டிய சந்தியின் பெயரைக் கண்டக்டர் மூன்று முறை கத்தினாராம்.

இப்போது ஹட்டனில், திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நிற்கிறோம்.

"நீ முழிச்சிருப்பேன்னுதான் நான் தூங்குனேன்," என்கிறார் அக்கா.

நானும் அவரை நம்பித்தான் கண்ணை மூடினேன்.

இப்படி இறங்கும் இடத்தைத் தவறவிட்டவர்கள் கையைத் தூக்குங்கள். எங்களுக்குத் துணை வேண்டும்.