ஒரகடத்தில் ஒரு கட்டில் தேடி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கினேன். இங்கிருந்து ஒரகடம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். பின்னால் ஐந்து பேர், ஓட்டுநருக்கு இருபுறமும் ஒவ்வொருவர். மேரி எனக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார். ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், செங்கல்பட்டுக்காரர். வீடில்லாமல் நிற்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு இடம் பிடித்துத் தருவதைத் தன் வேலையாக்கிக் கொண்டவர். அவர் வீட்டு முன்னறையில் ஏற்கெனவே இருவர் தங்கியிருக்கிறார்கள். அங்கே இடமில்லாத மூன்றாமவருக்காக இந்தப் பயணம்.

"பேப்பர்ல ரிப்போர்ட்டரா இருந்தவர், பேசத் தெரியும்னு கூப்டேன். இப்படித் தாடியோட வந்து நிக்கறீங்களே," என்றார்.

நான்கு நாளாகக் காய்ச்சல் என்றேன்.

"காய்ச்சல்னா சட்டைய இஸ்திரி போடக்கூடாதா?"

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "ரூம் பாக்கப் போறீங்களா மேடம்? இங்க ரூமுன்னு இன்னா கீது, கட்டில்தான் கீது. பகல்ல ஒருத்தன் படுப்பான், ராவுல ஒருத்தன். பாய் சூடு ஆறாது."

அவர் சொன்னது மிகையில்லை. ஒரகடம் சந்திப்புக்குப் பின்புறம், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஆறாம் எண் அறை. ஆறு கட்டில்கள், பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள்தான் நாங்கள் தேடி வந்த தணிகாசலம். வந்தவாசிப் பக்கத்துக்காரர், வயது அறுபத்து மூன்று. ராணுவத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்து, அப்பா இறந்ததும் விலகி வந்தவர். பதினைந்து ஆண்டு முடிக்காததால் பென்ஷன் கிடையாது. அதன்பின் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் கேட் காவல். முழங்கால் போனதும் வேலை போனது; வேலையோடு, ஏஜென்சி கொடுத்திருந்த படுக்கையும் போனது. இரண்டு மாதமாக, நைட் ஷிஃப்ட் போகிற ஒருவரின் கட்டிலில் இரவில் படுத்துக்கொள்கிறார்.

கட்டிலின் சொந்தக்காரரான முத்துராஜ் சங்கரன்கோவில்காரர். அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். "நான் வாரதுக்குள்ள எந்திச்சி விரிப்பை மடிச்சி வச்சிருவாவ. ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனா ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, நான் எங்கன போய்ப் படுக்க? அதோட அடுத்த வாரத்துல இருந்து என்னை டே ஷிஃப்ட்ல போட்டுட்டாவ."

ஞாயிற்றுக்கிழமைகளில் தணிகாசலம் பஸ் நிறுத்தத்தில் படுத்திருக்கிறார். இனி எல்லா இரவும் ஞாயிற்றுக்கிழமைதான். மழைக்காலம் வேறு.

மேரிக்குக் கோபம் வந்தது அதற்கில்லை. தணிகாசலத்தின் முகம் பளபளவென்று இருந்தது. கழுத்து வரை பொத்தான், மடிப்புக் கலையாத பேண்ட், முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ.

"மூணு நாள் ஷேவ் பண்ணாதீங்கன்னு போன்ல படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

"மறக்கல மேடம். ஆனா உங்க முன்னாடி எப்படி அப்டி வந்து நிக்கறது?"

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஓர் அறக்கட்டளை நடத்தும் காப்பகம் பஸ் நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர். வார்டன் நல்ல மனிதர். எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "சாப்டீங்களா ஐயா?" என்றார். தணிகாசலத்தின் பக்கம் திரும்பி, "எங்க சார் இருந்தாரு இவரு?" என்று கேட்டார்.

இடம் கேட்பது நானில்லை, அவர்தான் என்று மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். வார்டன் சங்கடத்தோடு தணிகாசலத்தைக் கேட்டார்: "இப்ப எங்க படுக்கறீங்க?"

"ஒரகடம் சார். ரெண்டாவது மாடி, ரூம் நம்பர் ஆறு."

மேரி கண்ணை மூடிக்கொண்டார்.

"ரூம்ல இருக்கறவங்கள சேக்க முடியாதுங்களே. இது தெருவுல இருக்கறவங்களுக்கு. ரெண்டு கட்டில்தான் காலியா இருக்கு. எங்க வண்டி சாயந்தரம் ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வரும். அங்க படுத்திருந்தாருன்னா ஏத்திக்குவோம்."

அதாவது, வாசலில் நிற்பவரை உள்ளே விட விதி இல்லை. அவரே ஒரு கிலோமீட்டர் நடந்து போய்த் தரையில் படுத்தால், வண்டி வைத்து அழைத்து வருவார்கள்.

மேரி விடவில்லை. மண்ணூரில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது என்றார். எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். அங்கிருந்த பெண்மணி, பிள்ளைகள் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பிள்ளை இல்லை என்றோம். அப்படியானால் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார். திரும்பி வர இன்னொரு இருநூறு.

ஆறரைக்கு பஸ் நிலையத்தில் இருந்தோம். தூறல் தொடங்கியிருந்தது. கூரைக்கடியில் இருவர் ஏற்கெனவே படுத்திருந்தார்கள். ஒருவருக்குக் காலில் கட்டு. மற்றவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். தணிகாசலத்தை அவர்களுக்குப் பக்கத்தில் விட்டு, மேரி கட்டளையிட்டார்: "படுங்க. சட்டைய வெளிய எடுத்து விடுங்க. யார் இன்னா கேட்டாலும் ரூம் நம்பர் சொல்லாதீங்க."

நாங்கள் நின்றால் துணைக்கு ஆள் இருக்கிறது என்று விட்டுவிடுவார்களாம். எதிர் டீக்கடைக்குப் போனோம். டீ பதினைந்து ரூபாய். அங்கிருந்து பார்த்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை பார்த்தபோது சட்டை பேண்டுக்குள் போயிருந்தது.

"படுக்கறாரா பாருங்க, படுக்கறாரா பாருங்க," என்று மேரி கண்ணாடி டம்ளரை மேசையில் தட்டினார்.

வண்டி ஏழேகாலுக்கு வந்தது. இறங்கிய இளைஞர் நேராகத் தணிகாசலத்திடம் போனார். "சார், நீங்க இங்க செக்யூரிட்டியா? யாராச்சும் படுத்திருக்காங்களா?"

சாலைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. தணிகாசலம் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு கையை நீட்டி இருவரையும் காட்டினார்.

மேரி சாலையில் இறங்கினார். இரண்டு பஸ்கள் குறுக்கே வந்தன. அவை விலகியபோது, நடுங்கிக்கொண்டிருந்தவரை இளைஞரும் தணிகாசலமும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் தணிகாசலத்தின் சட்டையை விடவில்லை. இவரும் கூடவே ஏறினார். கதவு சாத்தி, வண்டி போய்விட்டது.

நாங்கள் நனைந்துகொண்டு நின்றோம். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு பஸ் ஏறிய பிறகுதான் போன் வந்தது. மேரி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், உள்ள வந்துட்டேன்."

"கட்டில் குடுத்தாங்களா?"

"ரெண்டுதான மேடம் இருந்துது. அவங்க ரெண்டு பேரையும் படுக்க வெச்சாச்சு."

"நீங்க?"

"வாசல்ல வார்டன் நாற்காலி போட்டுக் குடுத்தாரு. இன்னிக்கு ராத்திரி மட்டும் உக்காந்துக்கோங்கன்னாரு. மேல கூரை கீது மேடம். நனையல."

மேரி போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டார். பஸ் ஒரகடத்தைத் தாண்டியது. ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக எதிரே போயின. எத்தனையோ கட்டில்கள் அந்த நேரத்தில் காலியாகி, உடனே நிரம்பியிருக்கும்.

ரயில் நிலைய வாசலில் பிரியும்போது மேரி என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"நாளைக்கும் அதே ட்ரெயின்ல வந்துடுங்க சார். ஷேவ் மட்டும் பண்ணாதீங்க. உங்களக் காட்டி ஒரு கட்டில் வாங்கிட்டு, அவரப் படுக்க வெச்சிடலாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.